கத்துகிற பெட்டிக்கு ஒரு சுவிட்ச்

மாப்பிள்ளை காளிதாஸ் உள்ளே வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சுவிட்சை எடுத்து மேசைமேல் வைத்தான். சின்ன சுவிட்ச்தான். மேலும் கீழும் தள்ளுகிற மாதிரி ஒரு குமிழ். அறந்தாங்கியில் வாங்கியிருந்தான்.

“இத அந்தப் பெட்டியில வச்சுக் குடுங்க மச்சான்.”

“எதுக்கு?”

“சத்தத்த நிறுத்தத்தான். வேற எதுக்கு?”

என் கையில் சூடான சால்டரிங் அயர்ன் இருந்தது. அதை ஸ்டாண்டில் வைத்தேன். பெட்டி மேசைமேல் திறந்து கிடந்தது. மூடியை வைத்து முறுக்கினால் வேலை முடிந்தது.

“நிறுத்துறதுக்கு எதுக்கு மாப்ள கத்துற பெட்டி?”

“சுவிட்ச் இல்லாம போட்ல ஏத்த மாட்டேன். சொல்லிட்டேன்.”

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம். ஜெகதாப்பட்டினத்தில் அப்போது எங்கு திரும்பினாலும் பெயிண்ட் வாசனை அடிக்கும். கரையில் ஏற்றிய போட்டையெல்லாம் சுரண்டி, ஓட்டை அடைத்து, வர்ணம் அடித்து இறக்குவார்கள். காளிதாஸின் முழங்கையில் நீல பெயிண்ட் காய்ந்திருந்தது.

அவன் என் தங்கை பவளத்தின் வீட்டுக்காரன். விசைப்படகு டிரைவர். பெட்டி செய்யச் சொன்னது அவன் இல்லை. பவளம்.

நீரோட்டம்

கடலில் ஒரு கோடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அதற்கு அங்கிட்டு வேறு நாடு. தாண்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள்.

காளிதாஸ் ஒரு தடவை போய் வந்தவன். சில மாதம் அங்கே உள்ளே இருந்தான். ஆள் திரும்பி வந்தான். போட் வரவில்லை. மறுபடி பிடிபட்டால் மாதக் கணக்கு இல்லை, வருஷக் கணக்கு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வந்து கொஞ்ச நாள் வலை பின்னிக்கொண்டு கரையில் இருந்தான். அப்புறம் வேறொரு முதலாளியின் போட்டில் ஏறினான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

எங்கள் ஊரில் கோட்டைத் தாண்டினேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “நீரோட்டம் இழுத்துருச்சு” என்பார்கள். அதிகாரி கேட்டாலும் அதுதான். பொண்டாட்டி கேட்டாலும் அதுதான். சில சமயம் உண்மையிலேயே இழுக்கும். எது உண்மை என்று யாரும் மேலே கேட்பதில்லை. கடலுக்குப் போகிறவனுக்குக் கரையில் இருக்கிறவன் கொடுக்கிற மரியாதை அது.

போட்டில் ஜிபிஎஸ் ஸ்கிரீன் இருக்கத்தான் செய்கிறது. கோடு அதில் தெரியும். ஆனால் இறால் படுகிற நேரத்தில் ஸ்கிரீனை யார் பார்ப்பார்கள். அதன்மேல் துண்டைப் போட்டு மூடுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

பவளத்துக்கும் அது தெரியும். ஒருநாள் மீன் கழுவின கையோடு வந்து நின்றாள்.

“அண்ணே, அவரு கண்ண மூடிக்கிறாரு. காத மூட முடியாதுல்ல? கோட்டுக்கிட்ட போனாக் கத்துற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு.”

“செய்யலாம்.”

“நல்லாக் கத்தணும். எஞ்சின் சத்தத்துக்கு மேல கத்தணும்.”

“ம்.”

“என் குரல் மாதிரி இருக்கணும்.”

அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

டீசலில் குளித்த வாக்கி

வலையைச் சுற்றி ஏற்றுகிற விஞ்ச் ரோப்பில் என் இடது கை விரல் இரண்டு போனதைப் போன வாரம் எழுதியிருந்தேன். விரல் போனபின் நான் கடலுக்குப் போகவில்லை. அறந்தாங்கியில் ஒரு டிவி மெக்கானிக் கடை இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லித் தரவில்லை. எழுந்து போ என்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் ஏழாவது வரைதான் படித்தேன். கண் பார்த்தது கைக்கு வந்தது.

ஊருக்கு வந்து வாக்கி டாக்கி, மீன் பார்க்கிற மெஷின் எல்லாம் ரிப்பேர் பார்த்தேன். எங்கள் ஆட்கள் எதையும் டீசலில்தான் கழுவுவார்கள். எஞ்சின் பாகமா, டீசல். கையா, டீசல். ஒருத்தர் கடலில் விழுந்த வாக்கியை எடுத்து டீசலில் முக்கி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தார்.

“உப்பு போயிருச்சுப்பா. ஆனா பேச மாட்டேங்குது.”

திறந்தேன். ஸ்பீக்கர் காகிதம் ஊறி அப்பளம் மாதிரி நொறுங்கியது.

“இனிமே பேசாதுங்க.”

“கேக்கவாவது செய்யுமா?”

கேட்பதும் அதில்தான் என்றேன். அவருக்கு வருத்தம்தான். டீசலைக் குறை சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

ஈயம்

போட்டில் ஏறுகிற போர்டுக்கும் வீட்டில் இருக்கிற போர்டுக்கும் வித்தியாசம் உண்டு. வீட்டில் டிவி ஆடாது. போட்டில் எஞ்சின் ஓடினால் பல்லுகூட அதிரும். வெறும் ஈயத்தை நம்பி ஒரு பாகத்தை நிறுத்தினால் ஒருநாள் கால் விட்டுவிடும். அதனால் நான் ஒவ்வொன்றின் காலையும் ஓட்டையில் விட்டு, மடக்கி, இறுக்கிய பிறகுதான் ஈயம் வைப்பேன்.

ஈயக் கம்பியைப் பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடிப்பேன். வலது கையில் அயர்ன். சூடு போதாமல் வைத்த ஈயம் மங்கலாக உருண்டு நிற்கும். ஒட்டின மாதிரி இருக்கும். ஒட்டியிருக்காது. சூடு சரியாக இருந்தால் தண்ணீர் மாதிரி ஓடி, காலைச் சுற்றிச் சரிந்து, பளபளவென்று நிற்கும். குங்கிலியப் புகை வரும். சாமி அறை மாதிரி வாசனை அடிக்கும்.

கதவைச் சாத்த வேண்டும். கடல் காற்று பட்டால் முனை ஆறிவிடும். ஃபேனும் கூடாது. வியர்வை மூக்கிலிருந்து சொட்டி, அயர்ன்மேல் ‘ஸ்’ என்னும்.

பாகம் அதிகம் இல்லை. இருக்கிற இடத்தைச் சொல்கிற ஜிபிஎஸ் துண்டு ஒன்று. கணக்குப் பார்க்கிற சின்ன போர்டு ஒன்று. கத்துகிற பஸ்ஸர். போட் பேட்டரியின் கரண்டை அவற்றுக்குத் தக்கபடி குறைக்கிற ரெகுலேட்டர். எல்லாம் ஒரு சோப்புப் பெட்டி அளவு போர்டில் அடங்கும்.

புரோகிராம் எழுதியது பவளத்தின் மகள் நிவேதா. புதுக்கோட்டையில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். அவளுக்கு அயர்ன் பிடிக்க வராது. எனக்கு லேப்டாப் பிடிக்க வராது. அதனால் சண்டை வரவில்லை.

“மாமா, கோட்டுக்கு எவ்வளவு முன்னாடி கத்தணும்?”

“கோட்டுல கத்துனா என்ன புண்ணியம்? வலை கடலுக்குள்ள கெடக்கும். விஞ்ச் போட்டுச் சுத்தி ஏத்தணும். அதுவரைக்கும் போட் அங்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கும். வலைய ஏத்தித் திரும்புற அளவுக்கு எடம் விடு.”

“அப்பாவுக்குப் புடிக்காது மாமா. அம்புட்டு முன்னாடியே கத்துனா.”

“ஒங்கம்மாவுக்குப் புடிக்கும்.”

தட்டிக்கொண்டே சிரித்தாள்.

டீக்கடை எந்தப் பக்கம்?

கோடு கடலில் இருக்கிறது. பெட்டி கரையில் இருக்கிறது. கத்துமா என்று எப்படிப் பார்ப்பது? நிவேதா ஒரு வேலை செய்தாள். சோதனைக்காகக் கோட்டை எங்கள் தெருவுக்கு மாற்றினாள். டீக்கடைக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே.

மொபெட் பேட்டரியில் ஒயரைக் கொடுத்துவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் போனேன். ஐஸ் பிளாண்ட் தாண்டியதும் கத்த ஆரம்பித்தது. தெருவில் நாய் எல்லாம் எழுந்துவிட்டது. டீ மாஸ்டர் வடிகட்டியோடு வெளியே வந்தார்.

“என்னண்ணே இது, எங் கடையப் பாத்தாக் கத்துது?”

“பார்டர் வந்துருச்சு.”

“எங்க?”

“இந்தா, ஒங்க பெஞ்சுக்கு முன்னாடி.”

“அப்ப எங் கட எந்தப் பக்கம்?”

“அங்கிட்டு.”

அவர் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். “கேட்டுக்கங்கப்பா. டீ குடிக்க வந்தவன் பூராவும் எல்லை தாண்டி வந்துருக்கீங்க. ஒருத்தனும் போகப்படாது. எல்லாரையும் புடிச்சு உள்ள வைக்கப் போறேன்.”

பெஞ்சில் சிரித்தார்கள். ஓரத்தில் ஒருத்தர் மட்டும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். அவருடைய மகன் அப்போது கோட்டுக்கு அங்கிட்டு ஜெயிலில் இருந்தான். டீ மாஸ்டர் வடிகட்டியைக் கீழே வைத்தார். நான் ஒயரைப் பிடுங்கினேன்.

நகத்துக்குப் பூசுவது

முதலில் செய்த பெட்டி செத்துப்போனது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போட் கேபின் கண்ணாடிக்கு வைக்கிற சிலிக்கான் பசை இருக்கிறது. எங்கள் ஊரில் எது ஒழுகினாலும் அதைத்தான் பிதுக்குவோம். உப்புக் காற்று போர்டுக்கு ஆகாதே என்று போர்டு முழுக்க அதையே அப்பினேன். காடி வாசனை மூக்கில் ஏறியது. நல்ல பசை என்றால் அப்படித்தான் நாறும் என்று நினைத்தேன். சில வாரத்தில் பெட்டி பேச்சை நிறுத்தியது. பசையை உரித்துப் பார்த்தால் செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. கடல் தண்ணீர் ஒரு சொட்டும் படவில்லை. பசையே தின்றுவிட்டது.

நிவேதா செல்போனில் தேடினாள். “நெயில் பாலிஷ் பூசலாம்னு போட்டிருக்கான் மாமா. நெறைய பேரு செய்யிறாங்க.”

“நீ வாங்கிட்டு வா.”

“நான் காலேஜ் போகணும். நீங்களே வாங்குங்க.”

பேன்சி ஸ்டோருக்குப் போனேன். கடைக்காரம்மாவுக்கு என்னைத் தெரியும்.

“என்னண்ணே, அண்ணிக்கா?”

“இல்ல.”

“அப்ப யாருக்கு?”

“போர்டுக்கு.”

அந்தம்மா உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டது. “இங்க வாடி, இந்த அண்ணன் சொல்றதக் கேளு.” நிறமில்லாததைக் கேட்டேன். தீர்ந்துவிட்டதாம். ரோஸ் இருந்தது. அதையே வாங்கினேன். வீட்டில் என் மனைவி அந்தச் சீசாவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டாள்.

புதுப் போர்டைத் துடைத்துக் காயவைத்து இரண்டு தடவை பூசினேன். ரோஸ் கலர் போர்டு. உப்பு அதை ஒன்றும் செய்யவில்லை.

ஏறுவதும் இறங்குவதும்

அந்த ரோஸ் போர்டு உள்ளே இருக்கும்போதுதான் காளிதாஸ் சுவிட்சோடு வந்தது.

“மச்சான், நான் தாண்டணும்னு சொல்லல. ஆனா இறால் அந்த ஓரத்துலதான் கெடக்கு. பெட்டி கத்திக்கிட்டே இருந்தா எப்படித் தொழில் பாக்குறது? மொதலாளி கரையில நின்னு கூடையத்தான் பாப்பாரு. ஒங்க பெட்டியையா பாப்பாரு?”

“பவளம் என்ன சொல்லும்?”

“அதுக்கிட்ட நீங்க சொல்லாதீங்க.”

“கேட்டாச் சொல்லுவேன்.”

“கேட்டாத்தான?”

நான் யோசித்தேன். சுவிட்ச் வைக்காவிட்டால் பெட்டி கரையில் கிடக்கும். வைத்தால் போட்டில் ஏறும். ஏறினால் ஒருநாளாவது அவன் அதை அமுக்க மறப்பான். அதற்குமேல் எனக்கு யோசிக்க வரவில்லை. பெட்டியில் ஓட்டை போட்டேன். பஸ்ஸருக்குப் போகிற ஒயரை வெட்டி, நடுவில் சுவிட்சை வைத்துப் பற்றவைத்தேன்.

பவளம் மறுநாளே வந்தாள். பெட்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்னண்ணே?”

“சுவிட்ச்.”

“எதுக்கு?”

“சத்தத்த நிறுத்த.”

“யாரு வைக்கச் சொன்னது?”

அவளுக்கே தெரியும்.

“இல்லாட்டி அவன் ஏத்த மாட்டேங்கிறான் பவளம். பெட்டி போட்ல ஏறணும்ல?”

“பெட்டி ஏறும். அவரு எறங்குவாரா?”

பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

சேகர் கேட்டது

தடைக்காலம் முடிந்தது. போட்டுகள் இறங்கின. இனி வருவது காளிதாஸ் என்னிடம் சொன்னது.

முதல் சில தடவை ஓரத்துக்குப் போனான். பெட்டி கத்தியது. அமுக்கினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கூடை நிறைந்தது. முதலாளிக்குச் சந்தோஷம்.

அப்புறம் ஒருநாள். பொழுது இறங்குகிற நேரம். வலை இழுத்துக்கொண்டிருக்கிறது. பெட்டி கத்துகிறது. காளிதாஸ் கையை நீட்டி அமுக்கினான். போட்டில் சேகர் என்று ஒரு பையன். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகாதவன். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன் கட்டையைக் கீழே வைத்தான்.

“அண்ணே, நிறுத்திட்டீங்களா?”

“ம்.”

“ஒண்ணு கேக்கவா?”

“கேளு.”

“நாளைக்குப் புடிச்சாங்கன்னா எங்க வீட்டுல என்னன்னு சொல்றது?”

“என்ன சொல்லுவ? நீரோட்டம் இழுத்துருச்சுன்னு சொல்லு. எப்பவும் சொல்றதுதான.”

“நீரோட்டம் இழுக்கலயேண்ணே. நீங்கல்ல அமுக்குனீங்க. எல்லாரும் பாத்துக்கிட்டுல்ல நிக்கிறோம்.”

ஒருத்தன் சிரித்திருக்கிறான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அந்த இடத்தைச் சொல்லும்போது காளிதாஸ் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

அப்புறம் அவன் விஞ்ச் போடச் சொன்னான். வலையை ஏற்றினார்கள். திரும்பினார்கள்.

அன்றைக்கு அந்தப் பக்கம் யாரையாவது பிடித்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். ஓரத்தில் நின்ற மற்ற போட்டெல்லாம் இறாலோடு வந்து சேர்ந்தன. பிடித்தார்கள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடக்கவில்லை.

பிடுங்கியது

கரைக்கு வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான்.

“இந்தச் சுவிட்சப் புடுங்கிருங்க மச்சான்.”

“நீதான கேட்ட?”

“கேட்டேன். இப்பப் புடுங்கச் சொல்றேன்.”

“ஏன், நீ அமுக்காம இருந்தாப் போதும்ல?”

“கையெட்டுற எடத்துல இருந்தா அமுக்கத்தான் செய்வேன்.” பிளாஸ்டிக் பையை மடித்தான். “அது இல்லைன்னு வைங்க. அது பாட்டுக்குக் கத்தும். பயலுக காதப் பொத்திக்கிட்டு நிப்பானுக, வேல செய்ய மாட்டானுக. நான் திரும்பித்தான் ஆகணும். மொதலாளிக்கிட்டயும் சொல்லிக்கலாம்.”

“என்னன்னு?”

“பெட்டி விட மாட்டேங்குதுன்னு.”

அயர்னைப் போட்டேன். முனை சூடாவதற்குள் பெட்டி மூடியைக் கழற்றினேன். சுவிட்சின் இரண்டு காலிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்தேன். சுவிட்ச் கையோடு வந்தது. அறுந்த ஒயரின் இரண்டு முனையையும் முறுக்கிச் சேர்த்துப் பற்றவைத்தேன். சுவிட்ச் இருந்த ஓட்டையில் ஒரு போல்ட்டைப் போட்டு அடைத்தேன்.

“இனிமே நீ நெனச்சாலும் நிறுத்த முடியாது.”

“ஒயர அறுத்தா நிக்கும்ல?”

“அறுத்தா நிக்கும்.”

“அதுக்கு வெட்டுக்கத்தி எடுக்கணும். பயலுக முன்னாடி எடுக்க மாட்டேன்” என்றான்.

பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

முதலாளி

கொஞ்ச நாள் கழித்து ஐஸ் பிளாண்ட் வாசலில் முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். காளிதாஸும் பக்கத்தில் நின்றான். மீன் ஏலம் விடுகிற நேரம். நிறையப் பேர் இருந்தார்கள்.

“ஏம்ப்பா, நீதான அந்தப் பெட்டியச் செஞ்சவன்?”

“ஆமாங்க.”

“ஊரு போட்டெல்லாம் கூடை கூடையா எறக்குது. எம் போட்டு மட்டும் பாதியில திரும்பி வருது. கேட்டா பெட்டி கத்துதுங்கிறானுக. கோட்டுக்கு எம்புட்டோ இங்கிட்டே கத்துதாம்ல?”

“வலைய ஏத்த நேரம் வேணும்லங்க.”

“நேரமா? நீ கடலுக்குப் போயி எம்புட்டு நாளாச்சு? கழட்டி வீசுங்கடான்னா, பெட்டி இல்லாம ஏற மாட்டோம்ங்கிறானுக. கூலிக்கு வர்ற பயலுக கண்டிசன் போடுறானுகப்பா எனக்கு!”

காளிதாஸ் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்துச் சொன்னான். “நல்லாக் கேளுங்க மொதலாளி. நானும் எத்தன தடவ சொல்லிட்டேன் இவருக்கிட்ட. மனுசனுக்குக் காதே போச்சு.”

“கேட்டியா? டிரைவரே சொல்றான். சத்தத்தையாவது கொற.”

“பாக்குறேங்க” என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் திட்டினார். நின்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்த தடைக்காலம் வந்தது. காளிதாஸ் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தான். ஓயாமல் கத்திக் கத்திப் பஸ்ஸரின் குரல் கம்மியிருந்தது. மாற்றுவதற்குப் புதியது அவனே வாங்கி வந்திருந்தான். பழையதைவிடப் பெரியது.